ஓவர்டைம் நின்றாலும் உலை கொதிக்க வேண்டும்!

பட்டிமன்றத் தலைப்பு: வேலைக்குப் போகும் பெற்றோரின் குடும்பத்தைக் காப்பது கூடுதல் வருமானமா? குறையாத சேமிப்பா?
இடம்: பென்னலூர்
அணி: குறையாத சேமிப்பே!

நடுவர் அவர்களே! 'கூடுதல் வருமானமே' என்று கூடுதல் சத்தத்தோடு பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! முன்வரிசையில் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து, சாப்பிடக்கூடப் போகாமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே!

பென்னலூரில் பேசுவது என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு பக்கம் பொறியியல் கல்லூரி. மறு பக்கம் தொழிற்சாலைகள். எல்லாரும் கணக்கில் புலி. நானோ தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு, மாசம் முப்பது நாள், சம்பளம் பத்து நாள் என்பதுதான். (பலத்த சிரிப்பு)

இன்னொரு விஷயம். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் நிற்கிறோம். யாருக்கும் சொல்லாதே என்று குரு சொல்லிக்கொடுத்த மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னவர் அவர் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஊர்ப்பக்கம் வந்துவிட்டு நானும் ஒரு ரகசியத்தை மறைக்கக் கூடாது. என் அம்மாவின் ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கு. எத்தனையோ மேடையில் பேசியிருக்கேன், இதுவரை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்றேன், முடிக்கும்போது. அது எங்கள் அணிக்கு லாபமா நஷ்டமா என்று நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

எதிரணியில் முதலில் பேசிய பேராசிரியை அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வருமானமே இல்லாதவன் எதைச் சேமிப்பான்?" நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நியாயமான கேள்வி. வயிற்றுக்கே பத்தாதவனிடம் போய் "சேமி" என்று சொல்வது, செருப்பில்லாதவனிடம் "செருப்பைப் பளபளப்பாத் துடை" என்று சொல்வது மாதிரி. அவனுக்குத் தேவை நியாயமான கூலி. அதில் எங்களுக்குச் சண்டையே இல்லை.

ஆனா அம்மா, தலைப்பை இன்னொரு தடவை பாருங்க. 'வருமானமா' என்று கேட்கவில்லை. 'கூடுதல் வருமானமா' என்று கேட்டிருக்காங்க. கணவனும் மனைவியும் வேலைக்குப் போறாங்க. மாசம் பொறந்தா சம்பளம் வருது. அந்த வீட்டைக் காப்பது இன்னும் நாலாயிரம் கூட வருவதா, வந்ததில் நாலாயிரம் நிற்பதா? இதுதான் கேள்வி.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தையே ஏரி மாவட்டம் என்றுதானே சொல்வாங்க? ஏன் இத்தனை ஏரி வெட்டினார்கள்? மழை நமக்கு மாசாமாசம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அப்புறம் வானம் கையை விரிச்சிடும். அந்த ரெண்டு மாச மழையை வைத்துக்கொண்டு தை, மாசி, பங்குனி வரைக்கும் பயிரைக் காப்பாற்றணும். அதுக்காகத்தான் கரை, மதகு, கலங்கல். நம்ம பாட்டன் மழையை எதிர்பார்த்து உட்காரவில்லை. வந்த மழையை உட்கார வைத்தான். (கைதட்டல்)

தம்பிமார்களே, உங்க ஓ.டி. இருக்கே, ஓவர்டைம், அதுதான் ஐப்பசி மழை. ஆர்டர் வந்தா கொட்டும். ஆர்டர் நின்னா நிக்கும். நீங்க கேட்டு வருவதில்லை, நீங்க சொல்லி நிற்பதில்லை.

வள்ளுவர் இதைச் சொல்லியிருக்கார். வருகிற வழி சின்னதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, போகிற வழி பெரிதாகாமல் இருந்தால் என்பது அந்தக் குறளின் கருத்து. அது எந்த அதிகாரத்தில் இருக்கு தெரியுமா? சிக்கனம் என்றோ செல்வம் என்றோ தலைப்புப் போட்ட இடத்தில் இல்லை. 'வலியறிதல்' அதிகாரத்தில் இருக்கு! அரசன் படையெடுக்கும் முன்னால் தன் பலம், எதிரியின் பலம் எல்லாவற்றையும் எடைபோடுகிற அதிகாரம் அது. அந்த இடத்தில் கொண்டுபோய் வரவு செலவைப் பேசுகிறார். ஏன்? சேமிப்பு என்பது ஒரு குடும்பத்தின் பலம் என்று அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கையில் மூன்று மாசச் செலவுக்குப் பணம் இருக்கிறவன் நிற்கிற நிலை வேற, நாளைக்கு என்ன என்று இருக்கிறவன் நிற்கிற நிலை வேற.

இப்போ கதை வேண்டாம். நடந்ததைப் பேசுவோம். இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில், 2006-ல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பள்ளிப்படிப்பை முடித்த கையோடு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவங்க. உலகத்துக்கே போன் செய்து கொடுத்தாங்க. அப்புறம் வரி வழக்கு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் கைக்குப் போனபோது, இந்த ஆலை மட்டும் சேர்ந்து போக முடியவில்லை. விருப்ப ஓய்வு என்று அறிவித்தார்கள். 'விருப்பம்' என்கிற நல்ல தமிழ்ச் சொல்லுக்கு அவ்வளவு பெரிய அவமானம் வேறெங்கும் நேர்ந்ததில்லை. ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டாங்க. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது.

யார் குற்றம்? அந்தப் பிள்ளைகள் குற்றமா? அவங்க சோம்பேறியா? லேட்டா வந்தாங்களா? எதுவும் இல்லை. வருமானம் என்பது இன்னொருத்தர் கையில் இருக்கு, அவ்வளவுதான். பக்கத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை. 2021 செப்டம்பரில் நிறுத்தப்போறோம் என்றார்கள், 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஓரகடத்தில் புதிதாக எத்தனையோ ஆலைகள் வந்தன, இன்னும் வரட்டும், மகிழ்ச்சி. நோக்கியா இருந்த அதே வளாகத்திலும் 2020-ல் வேறொரு நிறுவனம் சார்ஜர் தயாரிக்க ஆரம்பித்தது. கதவு மறுபடி திறந்தது. ஆனா எதிரணி நண்பர்களே, நடுவில் அஞ்சு வருஷம்! கதவு திறக்கிற வரைக்கும் குழந்தை, "பரவாயில்லைப்பா, 2020-ல் சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்லுமா? (நீண்ட கைதட்டல்)

நேற்று சாயங்காலமே நான் இங்கே வந்துட்டேன். தங்கியிருந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஒரு சகோதரி, பெண்ணோட கையைப் பிடித்துக்கொண்டு நின்னாங்க. "சார், நாளைக்கு நீங்கதானே பேசறீங்க? எந்தக் கட்சி?" என்றாங்க. சேமிப்புக் கட்சி என்றேன். "அப்போ எங்க வீட்டு நோட்டைப் பாருங்க சார்" என்று வீட்டுக்கே கூட்டிப் போயிட்டாங்க. பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாங்க, சொல்ல மாட்டேன்.

பென்னலூரில் ஒரு வாடகை வீடு. கணவர் கார் உதிரிபாகம் செய்கிற இடத்தில், காண்ட்ராக்டில். அந்தம்மா முன்னாடி அந்த நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவங்க, இப்போ வேறொரு ஆலையில். மாமியார் கூட இருக்காங்க. அவருக்குக் காலை ஷிப்ட் என்றால் இவங்களுக்கு மதிய ஷிப்ட். அவர் இறங்கி வருகிற நேரத்தில் இவங்க பஸ் ஏறணும். "எங்க குடும்பம் பேசிக்கிறதே பஸ் ஸ்டாப்பில்தான் சார்" என்றாங்க. "சண்டை?" என்றேன். "அதுக்கு ஞாயித்துக்கிழமை இருக்கே" என்றாங்க. (சிரிப்பு)

நோட்டு என்றால் பெரிய கணக்குப் புத்தகம் இல்லை. பெண்ணோட பழைய பள்ளிக்கூட நோட்டில் மீதி இருந்த பக்கங்கள். நோட்டு வாங்கறதிலேயே சிக்கனம்! அதில் பார்த்த கணக்கை அவங்க அனுமதியோடு படிக்கிறேன். அவர் கைக்கு வருவது 19,000. இவங்க கைக்கு வருவது 14,500. ஆக 33,500. வாடகை, கரண்ட் 6,500. அரிசி, மளிகை, பால், காய்கறி, கேஸ் 10,000. ரெண்டு பிள்ளைகள் படிப்பு, வேன் 5,000. ஊரில் அவங்க அப்பா அம்மாவுக்கு 3,000. பெட்ரோல், போன் 2,500. மருந்து மாத்திரை, மொய், கோயில் குளம் 2,000. கூட்டினா 29,000. மீதி 4,500.

எதிரணி என்ன சொல்லும்? "ஆமா, மீதி இருந்தது, சேமிச்சாங்க." அங்கேதான் விஷயம். அந்த நோட்டில் 4,500 கடைசி வரியில் இல்லை. முதல் வரியில் இருக்கு! சம்பளம் வந்த அன்றைக்கே 1,500 பெண் பேரில் செல்வமகள் கணக்குக்கு. 1,000 தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு. 2,000 தனியாக ஒரு வங்கிக் கணக்கில், அதுக்கு ஏ.டி.எம். கார்டே வாங்கவில்லை. "கார்டு இருந்தா கை அரிக்கும் சார்" என்றாங்க. செலவு போக மீதியைச் சேமிக்கிறவன் சேமிக்கவே மாட்டான். மாசக் கடைசியில் மீதி என்று ஒன்று யார் வீட்டிலாவது இருந்திருக்கா? (சிரிப்பு) சேமிப்பு போக மீதியில் செலவு பண்றவன்தான் சேமிப்பான்.

ஆயிரம் ரூபாய் ஆர்.டி. என்ன பெரிய காசு என்று நினைக்கலாம். 6.7 சதவீத வட்டியில் கணக்குப் போட்டால், மாசம் 1,000 கட்டினவருக்கு 5 வருஷம் முடிவில் 71,366 ரூபாய். நீங்க கட்டினது 60,000. செல்வமகள் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. பத்து வயசுக்குள் இருக்கிற பெண் குழந்தை பேரில் தொடங்கலாம். வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்தில் முதிர்வு. பெண்ணுக்கு 18 வயசு ஆன பிறகு மேல்படிப்புக்கென்று இருப்பில் பாதி வரை எடுக்கலாம். வட்டி விகிதத்தை அரசாங்கம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்து அறிவிக்கும். போகும்போது தபால் ஆபீஸில் கேட்டுக்குங்க.

படிப்புக்கு 5,000 என்று படிச்சேனே, அதில் ஒரு நுட்பம் இருக்கு. மாசம் அவ்வளவு செலவே ஆகாது. ஜூன் மாசத்துப் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, செருப்பு எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்து மாசாமாசம் ஒதுக்கி வைக்கறாங்க. நம்மில் எத்தனை பேர் மே மாசக் கடைசியில் கம்மலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடறோம்? நான் கேக்கிறேன், ஜூன் மாசம் என்ன சொல்லாமல் வருகிற விருந்தாளியா? வருஷா வருஷம் மேக்கு அப்புறம்தானே வருது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) தீபாவளியும் அப்படித்தான். தெரிந்த செலவைத் தெரியாத செலவு மாதிரி எதிர்கொள்வதுதான் நம்ம வீட்டுக் கடனில் பாதிக்குக் காரணம்.

அப்புறம் ஓ.டி. காசு. ஆர்டர் இருக்கிற மாசத்தில் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு 4,000 வருமாம். அது வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது; நேரே அந்தக் கார்டில்லாத கணக்குக்குப் போயிடணும் என்று சட்டம் போட்டிருக்காங்க. மாசம் 2,000 மட்டும் போட்டிருந்தா, மூணு மாசச் செலவான 87,000 சேர மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். வருஷத்தில் ஆறு மாசம் ஓ.டி. சேர்ந்ததால் ரெண்டே வருஷத்துக்குள் சேர்ந்துடுச்சு. ஐப்பசி மழையை ஏரியில் நிறுத்திட்டாங்க!

நிறுத்தின பிறகு என்ன நடந்தது? ஒரு நாள் கணவருக்குக் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நாலு மாசம் வேலை இல்லை. அந்த நாலு மாசமும் வாடகை கொடுத்தாங்க. வேன் வந்தது. பால் வந்தது. வேலை கிடைக்கிற வரைக்கும் அவர் தினமும் காலையில் கிளம்பி வேலை தேடிப் போயிட்டு வந்தார். அந்தச் சகோதரி சொன்னதை அப்படியே சொல்றேன்: "பிள்ளைங்களுக்குத் தெரியவே இல்லை சார்." நடுவர் அவர்களே, என் கட்சியின் மொத்த வாதமும் இந்த ஒரு வரிதான். வேலை போனது அப்பாவுக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தது, பிள்ளைக்குத் தெரியவில்லை. பெற்றோரின் சேமிப்பு என்பது பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற பொருள் இல்லை; பிள்ளைக்குத் தெரியாமல் நாம் பிடிக்கிற குடை! (நீண்ட கைதட்டல்)

கிளம்பும்போது கேட்டேன், "இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" அதுக்கு அவங்க 2014-ஐச் சொன்னாங்க. "நானும் என் தோழியும் ஒரே லைன் சார். ஒரே சம்பளம். ஒரே பஸ். ஆலை நின்ன அன்னைக்கும் ஒண்ணாத்தான் அழுதோம். ஆனா நான் ஆர்.டி. போட்டிருந்தேன், அவ மூணு தவணை கட்டிக்கிட்டிருந்தா. வந்த பணம் முழுக்க அந்தத் தவணைக்கே போயிடுச்சு." ஒரே வருமானம், ரெண்டு விதி. வருமானம்தான் காப்பாற்றும் என்றால் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி காப்பாற்றியிருக்கணுமே?

ரெண்டாவதாகப் பேசிய நண்பர், "சிக்கனம் என்பது பிள்ளைகளின் ஆசையைக் கொல்வது" என்று கண்ணீர் விட்டார். ஐயா, உங்க கண்ணீரையும் கொஞ்சம் சேமித்து வையுங்க. (சிரிப்பு) அந்த வீட்டில் பிறந்த நாளுக்குக் கேக் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. இல்லாதது என்ன தெரியுமா? தவணையில் வாங்கின பெரிய டி.வி. 'ஜீரோ வட்டி' என்று போர்டு வைக்கிறார்கள். பக்கத்திலேயே கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் 'பிராசஸிங் கட்டணம்' என்று இருக்கும். வட்டிக்குப் பேரை மாத்தி வேஷம் கட்டி அனுப்பியிருக்காங்க, அவ்வளவுதான்!

முன்னெல்லாம் பத்து ரூபாயை எடுத்துக் கொடுக்கணும் என்றால், பையில் கை விட்டு, மடிப்பைப் பிரிச்சு, காந்தித் தாத்தா முகத்தைப் பார்த்துக் கொடுப்போம். அவர் "வேண்டுமாடா?" என்று கேட்பது மாதிரி இருக்கும். இப்போ போனைக் காட்டினா 'டிங்' என்று சத்தம். காந்தித் தாத்தாவைப் பார்க்கவே வேண்டாம்! (சிரிப்பு) டீ, வடை, குளிர்பானம் என்று நாளைக்கு 40 ரூபாய் 'டிங்' ஆனால், 26 வேலை நாளில் 1,040 ரூபாய். ஒரு ஆர்.டி. நின்னு போச்சு. டீயை விடச் சொல்லவில்லை சாமி, நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு டீதான் தெய்வம். எழுதி வையுங்க என்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதானே சொன்னார்கள்? போடாதே என்று சொல்லவில்லையே!

தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை, பி.எஃப். பற்றி. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி மேல் 12 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள். அதே அளவு நிர்வாகம் போடணும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகுது. நீங்க கேட்காமலே உங்களுக்காக இன்னொருத்தர் போடுகிற சேமிப்பு இது ஒண்ணுதான். 2014-லிருந்து ஒருத்தருக்கு ஒரே எண், எங்கே வேலை மாறினாலும் அதே எண். ஆனா கம்பெனி மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்து வண்டி வாங்கினா என்ன ஆகும்? ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மொத்தம் 10 வருஷ சேவை வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை துடைச்சு எடுத்துட்டா அந்தப் பத்து எப்போ வரும்? வண்டி அஞ்சு வருஷத்தில் பழசாகும். ஓய்வூதியம் நீங்க பழசானப்போ வரும். (கைதட்டல்)

அதே மூச்சில் ஓர் எச்சரிக்கை. சேமித்தால் போதாது, எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். இதில் நான் அடிபட்டவன். 90-களில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிதி நிறுவனத்தில் அதிக வட்டி என்று கேட்டுப் பணம் போட்டேன். பேர் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் வட்டி ஒழுங்கா வந்தது. ஏழாவது மாசம் போனேன். பூட்டு மட்டும் இருந்தது. பெரிய பூட்டு! என் பணத்தில் வாங்கின பூட்டு! (பலத்த சிரிப்பு) இப்போ சிரிக்கிறேன், அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. என்னை மாதிரி எத்தனையோ பேர் ஏமாந்த பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. சட்டம் வந்தும் ஏமாற்றுகிறவன் ஓயவில்லை, ஏமாறுகிறவனும் ஓயவில்லை. சீட்டுப் போடறீங்களா, 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்க. வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை 2020-லிருந்து காப்பீடு இருக்கு. மாசம் பத்து வட்டி, இருபது வட்டி என்று ஒருத்தன் சொன்னால், அவனுக்கு வேண்டியது உங்க முதல். உங்களுக்கு அவன் காட்டுவது வட்டி.

கூட்டாகச் சேமிப்பது நம்ம மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904-ல். அதே வருஷம் அக்டோபரில், நாட்டிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது எங்கே? பம்பாயிலா? கல்கத்தாவிலா? காஞ்சிபுரத்தில்! (கைதட்டல்) சின்ன வருமானக்காரர்களின் சின்னச் சின்னப் பணத்தை ஒண்ணாச் சேர்த்து, அவர்களில் ஒருவர் கஷ்டத்துக்கே கடனாகக் கொடுப்பது என்ற வழி. உலகம் இதற்கு ஒரு நாள் வைத்தது இருபது வருஷம் கழித்து, 1924-ல், இத்தாலியில் மிலான் நகரத்து மாநாட்டில். அக்டோபர் 31 உலக சிக்கன நாள். நாம் 30-ஆம் தேதி கொண்டாடுகிறோம். உலகம் நாள் குறிக்கும் முன்னாலேயே சங்கம் வைத்த மண் இது.

மணி அடிக்கப் போகிறார் நடுவர். கை மணி மேல் போயிடுச்சு. ஐயா, ரெண்டு நிமிஷம். ரகசியம் பாக்கி இருக்கு.

நானும் அந்தக் காஞ்சிபுரத்துக்காரன்தான். பிள்ளையார்பாளையம். அப்பா கூலித் தறி நெசவாளர். ஊரெல்லாம் கட்டுகிற பட்டை நெய்தவர். எங்கள் வீட்டில் பட்டுப்புடவை கிடையாது. அம்மா தார் சுற்றுவாங்க, வீட்டு வேலையும் பார்ப்பாங்க. அந்தக் காலத்து வேலைக்குப் போகும் பெற்றோர் அவங்கதான். வேலையே வீட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தறி நின்னா கூலி இல்லை. மழைக்காலத்தில் பாவு ஈரம் இழுத்தா வேலை இல்லை. இருந்தும் நான் கல்லூரியில் சேரப் பணம் கட்ட வேண்டிய நாளில், அப்பா முதலாளியிடம் முன்பணம் கேட்கக் கிளம்பின நேரத்தில், அம்மா பரண் மேலிருந்து ஒரு பழைய பால் மாவு டப்பாவை இறக்கினாங்க. உள்ளே சுருட்டிச் சுருட்டி ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் நோட்டு. எண்ண எண்ண வந்தது. என் முனைவர் பட்டம் பல்கலைக்கழகம் கொடுத்தது இல்லை. அந்தப் பால் மாவு டப்பா கொடுத்தது. (நீண்ட கைதட்டல்)

கை தட்டாதீங்க. இதுவரைக்கும் எல்லா மேடையிலும் சொல்லியிருக்கேன். சொல்லாதது இதுக்கு மேலதான்.

சில வருஷம் கழித்து அம்மா மயங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மா உடம்பில் ரத்தமே இல்லையே, வீட்டில் சாப்பாடு போடறீங்களா இல்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்களுக்கெல்லாம் ராத்திரி சோறு போட்டுவிட்டு அம்மா சொல்வாங்க, "எனக்குப் பசியில்லைப்பா." வருஷக்கணக்காகச் சொன்னாங்க. நாங்க நம்பினோம். நம்புவது சௌகரியமாக இருந்தது. அந்த டப்பாவில் இருந்தது ரூபாய் நோட்டு இல்லை. அம்மாவின் ராத்திரிச் சாப்பாடு.

(அரங்கில் அமைதி)

எதிரணிக்கு இது லாபம்தான், எடுத்துக்குங்க. என் அணியில் நின்றுகொண்டே சொல்றேன், அது சிக்கனம் இல்லை. ஒருத்தர் பட்டினியை மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து சிக்கனம் என்று பேர் வைத்துப் பாராட்டியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்தது. எங்க அம்மா காலத்தோடு அது போகவில்லை. நீங்க சேமியுங்கள், ஆனா வெட்டுகிற கத்தியை முதலில் அம்மாவின் தட்டில் வைக்காதீங்க. டி.வி. தவணையில் வையுங்க. அதிக வட்டி ஆசையில் வையுங்க. அப்பாவின் சிகரெட்டில் வையுங்க. பிள்ளையின் பாலில், பெண்டாட்டியின் சோற்றில், பெரியவங்க மருந்தில் வைக்காதீங்க.

நேற்று பார்த்த அந்த நோட்டில் நான் தேடினது இதைத்தான். செலவுக் கணக்கில், அந்தச் சகோதரி கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'முட்டை, எனக்கும் சேர்த்து.' அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிடுச்சு. எங்க அம்மாவுக்கு ஒரு நோட்டு இருந்திருந்தா, அதில் இப்படி ஒரு வரி எழுத யாராவது சொல்லியிருந்தா என்று நினைச்சேன்.

அதனால் நடுவர் அவர்களே, நான் கேட்பது இதுதான். சம்பளம் வந்த அன்றைக்குக் கணவன், மனைவி, பெரியவங்க எல்லாரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்க. யாரும் "பசியில்லை" என்று எழுந்திருக்காமல் பார்த்துக்குங்க. இலையை எடுத்த பிறகு நோட்டைத் திறங்க. முதல் வரியில் சேமிப்பை எழுதுங்க. அம்மா ஒருத்தி மறைச்சு வைத்த டப்பா ஒரு கல்லூரிக் கட்டணத்தைக் காப்பாற்றியது. எல்லாருமாகத் திறந்து வைத்த நோட்டு ஒரு குடும்பத்தையே காப்பாற்றியது.

கூடுதல் வருமானம் வரட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனா அதன் சாவி ஆலை வாசலில் தொங்குது. சேமிப்பின் சாவி மட்டும்தான் நம்ம வீட்டு ஆணியில் தொங்குது. ஆகவே, வேலைக்குப் போகும் பெற்றோரின் குடும்பத்தைக் காப்பது குறையாத சேமிப்பே, குறையாத சேமிப்பே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)